ஆம்புருவாஸ் பாரே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். 1510 வாக்கில் பிரான்ஸில் பிறந்தார். நாவிதர் கடையில் தொழில் பழகினார். போர்க்களத்தில் கை தேர்ந்தார். அடுத்தடுத்து நான்கு அரசர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்து, 1590 டிசம்பர் 20 அன்று பாரிஸில் இறந்தார். குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் வழக்கத்தைக் கைவிட்டவர். காலை வெட்டி எடுக்கும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடாமல் ரத்தக்குழாயை நூலால் கட்டியவர். பெயரை ஆங்கில வழியில் ‘ஆம்புரோஸ்’ என்று எழுதுவதும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது ‘ஆம்புருவாஸ்’.

நாவிதருக்கும் அறுவை மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

அன்றைய பாரிஸில் வைத்தியம் மூன்று தட்டுகளாக இருந்தது. மேல்தட்டில் பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்த மருத்துவர்கள். நாடி பார்ப்பார்கள், சிறுநீரைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், மருந்து எழுதித் தருவார்கள். கத்தியைத் தொட மாட்டார்கள். நடுத்தட்டில் சேன் கோம் என்ற சங்கத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள். கீழே நாவிதர்கள். சவரம், ரத்தம் வடிப்பது, கட்டி கீறுவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது எல்லாம் இவர்கள் தலையில்தான் விழுந்தது. கத்தி யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தானே கட்டியைக் கீறச் சொல்வார்கள்?

பாரே வடமேற்கு பிரான்ஸின் லவால் நகரை ஒட்டிய சிற்றூர்க்காரர். குடும்பத்திலேயே இந்தத் தொழில் இருந்தது. பாரிஸுக்கு வந்து பழகுநராகச் சேர்ந்தவர், அங்கிருந்த ஒத்தெல்-தியே என்ற பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நான்கு வருடம் வேலை செய்தார். ஏழை நோயாளிகள் நிரம்பி வழிந்த இடம். எந்த நோய் எப்படிப் போகும், எந்தப் புண் ஆறும், எது ஆறாது என்று கண்ணால் பார்க்க அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. லத்தீன் மட்டும் கடைசி வரை அவருக்கு வரவில்லை. இது பிற்பாடு பெரிய வம்பாகும்.

கொதிக்கும் எண்ணெய்க் கதை உண்மைதானா?

உண்மை. அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1537. முதலாம் பிரான்சுவா அரசரின் படை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் டூரின் பக்கம் போகிறது. மோன்டெஜான் என்ற தளபதியோடு பாரேயும் போகிறார். வயது 27 இருக்கும். அவருக்கு அதுதான் முதல் போர். குண்டுக் காயம் எதையும் அதற்கு முன் அவர் சிகிச்சை செய்து பார்த்ததில்லை.

அப்போது எல்லோரும் நம்பிய பாடம் இத்தாலிய அறுவை மருத்துவர் ஜொவானி தா வீகோவுடையது: வெடிமருந்து விஷம், ஆகவே குண்டு பாய்ந்த காயத்தில் விஷம் ஏறியிருக்கும், அதைப் போக்க எல்டர் செடியின் எண்ணெயைத் தெரியாக் என்னும் விஷமுறிவு லேகியத்தோடு சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். மற்ற மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் செய்ததையே பாரேயும் செய்தார்.

காயம்பட்டவர்கள் ஏராளம். எண்ணெய் தீர்ந்துபோனது. கையில் இருந்ததை வைத்து முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்து மீதிப் பேருக்குப் பூசினார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. சூடு வைக்காமல் விட்டவர்கள் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்களோ என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். களிம்பு பூசியவர்களுக்கு வலி குறைவு, காயம் வீங்கவில்லை, இரவு ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றியவர்கள்தான் காய்ச்சலில் கிடந்தார்கள். காயத்தைச் சுற்றி வீக்கம், தாங்க முடியாத வலி. குண்டடிபட்ட ஏழைகளை இனி ஒருபோதும் இப்படிக் கொடூரமாகச் சுடுவதில்லை என்று அப்போது முடிவு செய்ததாகச் சொல்கிறார்.

1545-இல் துப்பாக்கிக் காயங்களுக்கான சிகிச்சை பற்றி அவருடைய முதல் புத்தகம் வந்தது. எழுதியது பிரெஞ்சில்.

எண்ணெய் தீர்ந்தது தற்செயல்தானே? இதில் அவர் சாமர்த்தியம் எங்கே?

எண்ணெய் தீர்ந்தது தற்செயல். விடிகாலையில் எழுந்து போய் இரண்டு வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்தது தற்செயல் இல்லை. அதுவும், ‘தப்புப் பண்ணிவிட்டோமோ’ என்ற பயத்தோடு போனவர் தன் பயம் தப்பு என்பதை ஏற்றுக்கொண்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இது ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. மோன்டெஜானின் சமையலறைப் பையன் ஒருவன் கொதிநிலைக்கு வந்த எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். மருந்து வாங்கக் கடைக்கு ஓடிய பாரேயை அங்கிருந்த கிராமத்துக் கிழவி ஒருத்தி நிறுத்தி, பச்சை வெங்காயத்தை உப்புப் போட்டு இடித்து வைத்தால் கொப்புளம் வராது என்றாள். படித்த மருத்துவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். பாரே போட்டுப் பார்த்தார். வெங்காயம் வைத்த இடத்தில் கொப்புளம் இல்லை, வைக்காத இடத்தில் இருந்தது. பிறகு வெடிமருந்து தீப்பிடித்து முகம் வெந்துபோன ஒரு ஜெர்மன் காவல்காரன் வந்தபோது, முகத்தில் ஒரு பாதிக்கு வெங்காயம், மறுபாதிக்கு வழக்கமான மருந்து. ஒரே முகம், ஒரே தீ, இரண்டு மருந்து. இதை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விடாதீர்கள். தீக்காயத்துக்கு இன்று வெங்காயம் வைத்தியம் இல்லை. சோதித்துப் பார்த்த முறைதான் விஷயம்.

நாய்க்குட்டித் தைலம் என்று ஏதோ படித்தேனே?

அதுவும் டூரின் கதைதான். அந்த ஊரில் குண்டுக் காயத்துக்குப் பேர்போன ஒரு வைத்தியர் இருந்தார். அவரிடம் ஒரு ரகசியத் தைலம். பாரே இரண்டு வருடம் அவர் பின்னாலேயே சுற்றி, பரிசு கொடுத்து, நயந்து பேசிக் கடைசியில் செய்முறையை வாங்கினார். அல்லி எண்ணெயில் அப்போதுதான் பிறந்த நாய்க்குட்டிகளைப் போட்டு எலும்பு கரையும் வரை கொதிக்க வைத்து, வெனிஸ் டர்பன்டைனில் பக்குவப்படுத்திய மண்புழுவைச் சேர்க்க வேண்டும். பாரே இதைச் சந்தோஷமாகவே எழுதியிருக்கிறார், பயன்படுத்தவும் செய்தார். அவரை இன்றைய விஞ்ஞானி மாதிரி ஜோடித்துக் காட்டும் கட்டுரைகள் இந்த இடத்தை மட்டும் நைசாகத் தாண்டிவிடும்.

ரத்தக்குழாயை நூலால் கட்டுவதைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

இல்லை. பழைய ரோமானியக் காலத்து கெல்சுஸ், காலென் நூல்களிலேயே காயத்தில் ரத்தக்குழாயைக் கட்டுவது வருகிறது. பாரே அதை மறைக்கவும் இல்லை. சாதாரணக் காயத்தில் கட்டலாம் என்றால் உறுப்பை வெட்டும்போது ஏன் கட்டக் கூடாது என்பதுதான் அவர் கேள்வி.

அதுவரை நடந்தது இது. காலை வெட்டியதும் ரத்தம் பீறிடும். அடுப்பில் சிவக்கக் காய்ச்சிய இரும்பை எடுத்து வெட்டுவாயில் வைத்து அழுத்துவார்கள். மயக்க மருந்து கிடையாது. மயக்க மருந்தைப் போட்டு வெளிப்படையாக அறுவை நடக்க 1846 ஆக வேண்டியிருந்தது. சுட்ட இடத்தில் கருகிய பொருக்கு கட்டும். சில நாளில் பொருக்கு உதிர்ந்தால் மறுபடியும் ரத்தம் கொட்டும், மறுபடியும் இரும்பு. கருகிய சதைக்கு மேல் தோல் மூடாமல் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

1552-இல் தாம்வில்லே முற்றுகையில், குண்டு பாய்ந்த ஒரு பிரபுவின் காலை பாரே வெட்டி எடுத்தார். இரும்பு வைக்கவில்லை. காக்கை மூக்கு என்று பெயர் வைத்த வளைந்த இடுக்கியால் ரத்தக்குழாயின் முனையைப் பிடித்து வெளியே இழுத்து, இரட்டை நூலால் கட்டினார். அந்த ஆள் மரக்காலோடு வீடு திரும்பினார், ‘சூடு படாமல் தப்பினேன்’ என்று சந்தோஷமாக. 1564-இல் வெளியிட்ட ‘அறுவை மருத்துவத்தின் பத்து நூல்கள்’ என்ற தொகுப்பில் முறையை விளக்கி, தானும் முன்பு சூடு வைத்தவன்தான் என்று ஒப்புக்கொண்டு, மற்றவர்களும் அதை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அவ்வளவு நல்ல முறை என்றால் எல்லோரும் உடனே பின்பற்றினார்களா?

இல்லை, அதற்குக் காரணமும் இருந்தது. தொடையில் வெட்டினால் கட்ட வேண்டிய குழாய்கள் நிறைய. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும் வரை ரத்தம் நிற்காது. நல்ல உதவியாளர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், நிதானம் வேண்டும். போர்க்களத்தில் மூன்றும் கிடைக்காது. இரும்பு வைப்பது ஒரு நொடி வேலை. 1718-இல் ழான்-லூயி பெத்தி திருகு வைத்த இறுக்குப் பட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் தொடையின் பெரிய குழாயை நினைத்தபடி அழுத்திப் பிடிக்க முடிந்தது, நிதானமாகக் கட்டவும் நேரம் கிடைத்தது. நூல் வழியாகச் சீழ் பிடிக்கும் தொல்லை 1860-களில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கையில் எடுக்கும் வரை தீரவில்லை. கிருமி என்று ஒன்று இருப்பது பாரேக்கும் தெரியாது, அவர் எதிரிகளுக்கும் தெரியாது.

செயற்கைக் கை, கால் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்தனவா?

ஓரளவுக்கு. பாரிஸில் ‘சின்ன லொரேன்காரன்’ என்று அழைக்கப்பட்ட ஒரு பூட்டுச் செய்பவரிடம் வடிவமைப்பை வாங்கி, 1564 புத்தகத்தில் படம் போட்டார். இரும்புக் கைக்குள்ளே பல்சக்கரங்களும் வில்களும். விரல்கள் மடங்கி அப்படியே பூட்டிக்கொள்ளும். முழங்கால் மடங்கும் இரும்புக் காலும் உண்டு. இவை காசுள்ள பிரபுக்களுக்கு. ஏழைக்கு எளிய மரக்கால். அதற்கும் தனியாகப் படம் இருக்கிறது. பொன்னாலும் வெள்ளியாலும் எனாமல் பூசிய கண், மூக்கு, மேல் அண்ணத்தில் விழுந்த ஓட்டையை அடைத்துப் பேச்சைத் தெளிவாக்கும் தகடு என்று பட்டியல் நீள்கிறது.

இன்னொன்று. வெட்டி எடுத்துப் பல மாதம் ஆன பிறகும் ‘இல்லாத காலில் வலிக்கிறது’ என்று நோயாளிகள் சொல்வதை அவர் பொய் என்று தள்ளவில்லை, எழுதி வைத்தார். மாய உறுப்பு வலி என்று இன்று சொல்வதைப் பற்றிய ஆரம்பகால மருத்துவக் குறிப்புகளில் அது ஒன்று.

பிரசவத்திலும் இவர் பெயர் அடிபடுகிறதே?

ஆமாம். குழந்தை குறுக்கே கிடந்தால் உள்ளே கைவிட்டுத் திருப்பி, கால் பக்கமாக வெளியே எடுப்பது பண்டைக் காலத்தில் தெரிந்திருந்து பிறகு மறந்துபோன வித்தை. 1549-இல் வந்த தன் உடற்கூறு நூலில் பாரே அதைத் திரும்ப எழுத்தில் கொண்டுவந்தார்.

அரசர் இரண்டாம் ஆன்றியை ஏன் காப்பாற்ற முடியவில்லை?

1559 ஜூன் 30. பாரிஸில் ஈட்டி விளையாட்டு. மோன்கொமரி பிரபுவின் ஈட்டி உடைந்து அதன் சிலாம்பு அரசரின் கண்ணுக்கு மேலே புகுந்தது. பாரேயோடு, பிரஸ்ஸல்ஸிலிருந்து புகழ்பெற்ற உடற்கூறு வல்லுநர் வெசாலியஸும் வந்தார். மரணதண்டனை பெற்ற நான்கு பேரின் தலைகளில் அதே மாதிரி மரச்சிலாம்பை அடித்து, எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பலன் இல்லை. ஜூலை 10 அன்று அரசர் இறந்தார். மூளைக்குள் சீழ் பிடித்துவிட்டால் அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எதிரியிடம் பிடிபட்டாரா?

பிடிபட்டார், 1553-இல் எதான் கோட்டையில். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மெஸ் நகரம் முற்றுகையில் இருந்தபோது, எதிரிப் பக்கத்து இத்தாலியக் கேப்டன் ஒருவருக்கு 1,500 பொற்காசு கொடுத்து அரசர் இவரை நள்ளிரவில் கோட்டைக்குள் கடத்தி அனுப்பினார். எதானில் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. அரசரின் அறுவை மருத்துவர் என்று தெரிந்தால் பெரிய தொகை கேட்பார்கள் என்று, தன் வெல்வெட் உடையை ஒரு சிப்பாயிடம் கொடுத்து அவன் கந்தலை வாங்கி உடுத்தி, கரி பூசிக்கொண்டார். புகைபோக்கி துடைப்பவன் மாதிரி இருந்தேன் என்கிறார். கை வேலை வேஷத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எதிரித் தளபதி ஒருவருக்குக் காலில் வருடக்கணக்காக ஆறாத புண். அதை ஆற்றிக் கொடுத்தார், பணம் கட்டாமல் விடுதலையானார்.

‘நான் கட்டுப்போட்டேன், கடவுள் குணப்படுத்தினார்’ என்பது இவர் சொன்னதா?

இவர்தான். முதலில் எங்கே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த 1537 போரிலேயே, சூசா கணவாயில் ‘லெ ரா’ என்ற கேப்டனுக்குக் கணுக்காலில் குண்டு பட்டது. ‘லெ ரா’ என்றால் எலி. விழும்போதே அவர் “எலியைப் பிடித்துவிட்டார்கள்” என்று கத்தினாராம். பாரே அவருக்குச் செய்த சிகிச்சை பற்றி எழுதும்போது போட்ட வரி அது. பிற்பாடு அடிக்கடி சொல்லி அதுவே அவர் முத்திரையாகிவிட்டது. லவாலில் தாவீத் தான்ஷே செதுக்கி 1840-இல் நிறுவிய சிலையிலும் அதுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவருடைய சிகிச்சையில் ஒன்றை முழுதாகத் தெரிந்துகொள்ள எதைப் படிக்கலாம்?

அவ்ரே மார்க்கியின் கதையை. 1569-இல் மோன்ஸ் நகருக்குப் பக்கத்துக் கோட்டைக்கு அரசர் இவரை அனுப்பினார். அந்தப் பிரபுவுக்குத் தொடையில் குண்டு பட்டு எலும்பு முறிந்து ஏழு மாதம். பாரே போனபோது கண் உள்ளே போய், உடம்பு மஞ்சளாகி, எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கால் மடங்கிப் பின்புறத்தோடு ஒட்டியிருந்தது. தொடை முழுக்கச் சீழ், முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். வலிக்கும் என்று இரண்டு மாதமாகப் படுக்கை விரிப்பையே மாற்றவில்லை. இவர் பிழைக்கமாட்டார் என்றுதான் பாரேயும் முதலில் நினைத்தார். தோட்டத்துக்குப் போய், இவர் பிழைக்க அருள் செய் என்று கடவுளை வேண்டிக்கொண்டு வந்தாராம்.

அப்புறம் வேலையில் இறங்கினார். தொடையைக் கீறிச் சீழை வெளியேற்றி, உடைந்த எலும்புத் துண்டுகளை எடுத்தார். பக்கத்திலேயே இன்னொரு கட்டில் போட்டு, மென்மையான மெத்தையும் வெள்ளை விரிப்பும் விரித்து ஆளைத் தூக்கி மாற்றினார். புண்ணில் எடை படாமல் சின்னத் தலையணை வைத்தார். சூப்பு, முட்டை, வேகவைத்த பழங்கள் கொடுத்தார். தூக்கம் வர, உயரத்திலிருந்து ஒரு கொப்பரையில் தண்ணீர் சொட்ட விட்டு மழைச் சத்தம் உண்டாக்கினார். உடம்பு கொஞ்சம் தேறியதும் வயலின்காரர்களையும், சிரிக்க வைக்க ஒரு கோமாளியையும் வரவழைத்தார். ஒரு மாதத்தில் நாற்காலியில் உட்கார்த்தித் தோட்டத்துக்குத் தூக்கிப்போக முடிந்தது.

எண்ணெய்க் கதையைவிட இதுதான் அவரைக் காட்டுகிறது என்பேன். கத்தி வேலை கால்வாசிதான், மீதி முக்கால்வாசி படுக்கை, சாப்பாடு, தூக்கம்.

பெசோவார் கல் சோதனை என்றால் என்ன?

ஆட்டின் வயிற்றில் உருவாகும் ஒரு கல். கோரோசனைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விஷத்தையும் முறிக்கும் என்று ஐரோப்பாவே நம்பியது. ஒன்பதாம் சார்லஸ் அரசரிடம் ஒரு கல் இருந்தது. விஷத்துக்கு விஷம் வேறு, எல்லாவற்றுக்கும் ஒரே முறிவு இருக்க முடியாது என்றார் பாரே. இரண்டு வெள்ளித் தட்டு திருடித் தூக்குக்குக் காத்திருந்த ஒரு சமையல்காரனிடம், விஷம் குடித்துக் கல்லையும் சாப்பிட்டுப் பிழைத்தால் விடுதலை என்று பேரம் பேசப்பட்டது. அவன் ஒப்புக்கொண்டான். கொடுத்தது சித்த மருத்துவத்தில் வீரம் என்று சொல்லும் பாதரச நஞ்சு. ஏழு மணி நேரம் நாய் மாதிரி நாலு காலில் தவழ்ந்து, காதிலும் மூக்கிலும் ரத்தம் வழியச் செத்தான். கல் பொய் என்று நிரூபணமானது. ஆனால் இதை விஞ்ஞானத்தின் வெற்றி என்று கைதட்டிச் சொல்பவர்கள் அந்தச் சமையல்காரனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

1582-இல் எழுதிய நூலில் மம்மிப் பொடியையும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பையும் இதே வரிசையில் நிறுத்தினார். எகிப்தியப் பிணத்தைப் பொடித்துத் தின்றால் வாந்தியும் வாய் நாற்றமும்தான் வரும் என்றார்.

லத்தீன் சண்டை என்றீர்களே?

1554-இல் சேன் கோம் சங்கம் இவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. லத்தீன் தெரியாத ஆளை எப்படிச் சேர்க்கலாம் என்று முணுமுணுப்பு. 1575-இல் தன் எழுத்தையெல்லாம் பெரிய தொகுதியாகப் பிரெஞ்சில் வெளியிட்டபோது பாரிஸ் மருத்துவப் பீடம் வெகுண்டது. அதன் தலைவராக இருந்த எத்தியென் கூர்மலான், சூட்டுக்கோலை விட்டுவிட்டு நூல் கட்டுவதைத் தாக்கி எழுதினார். 1585-இல் பாரே பதில் எழுதினார், வயது 75. ‘என் குட்டி வாத்தியாரே’ என்று அவரை விளித்து, நீங்கள் உங்கள் படிப்பறையை விட்டு வெளியே வந்ததே இல்லை, எனக்கா அறுவை கற்றுத் தருகிறீர்கள் என்ற தொனியில் வெளுத்து வாங்கிவிட்டு, ஒவ்வொரு போராகத் தான் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போகிறார். மேலே சொன்ன கதைகளில் பாதி அதிலிருந்துதான்.

பர்த்தலோமியோ படுகொலையில் அரசர் இவரை ஒளித்து வைத்தாராமே?

1572 ஆகஸ்டில் பாரிஸில் புராட்டஸ்டன்ட்டுகளைக் கொன்று குவித்தபோது, சார்லஸ் அரசர் இவரைத் தன் உடை அறையில் வைத்துக் காப்பாற்றினார் என்பது அந்தக் காலத்து நினைவுக்குறிப்புகளில் வரும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் புராட்டஸ்டன்ட்தானா என்பதே சந்தேகம்: பாரேயின் திருமணமும் அடக்கமும் கத்தோலிக்கக் கோயில்களில்தான் நடந்தன. நிச்சயமாகத் தெரிந்தது வேறு: படுகொலைக்கு இரண்டு நாள் முன்பு சுடப்பட்ட புராட்டஸ்டன்ட் தலைவர் கொலிஞியின் சிதைந்த விரலை வெட்டி, கையில் இருந்த குண்டுக்கும் சிகிச்சை செய்தது இவர்தான்.

அவர் தவறாகச் சொன்னது எதுவும் இல்லையா?

நிறைய. 1573-இல் வந்த விந்தைப் பிறவிகள் பற்றிய புத்தகத்தில், மெய்யான பிறவிக் குறைபாடுகளுக்குப் பக்கத்திலேயே கடல் பூதங்களும் பாதி மிருகக் குழந்தைகளும் வரிசைகட்டி நிற்கும். தானே பார்த்ததைச் சொல்லும்போது கெட்டிக்காரர். பிறர் சொன்னதை எழுதும்போது நம்மில் ஒருவர்.

பிரான்ஸுக்கு வெளியே இவர் எழுத்து போனதா?

லத்தீனில் 1582, பிறகு டச்சு, 1634-இல் தாமஸ் ஜான்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. டச்சுப் பிரதி வணிகக் கப்பலேறி ஜப்பான் போனது. நாகசாகியில் டச்சு மொழிபெயர்ப்பாளராக இருந்த நரபயாஷி சின்சான், 1706-இல் அதை வைத்து ஜப்பானிய அறுவை நூல் ஒன்றைத் தொகுத்தார்.

கடைசிக் காலம் எப்படி?

1590-இல் பாரிஸ் முற்றுகையில் இருந்தது. நகரம் பட்டினி. ஒரு நாள் சேன் மிஷேல் பாலத்தில் லியோன் பேராயரைச் சுற்றி ஜனங்கள் ‘ரொட்டி கொடு, இல்லையென்றால் சாகவிடு’ என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலிருந்து 80 வயது பாரே முன்னால் வந்து, இந்த ஏழைகள் பசியால் சாகிறார்கள், சமாதானம் செய்து வையுங்கள் என்று எல்லோர் காதிலும் விழும்படி பேராயரிடம் சொன்னார். பேச்சில் தான் ஆடிப்போனதாகப் பேராயரே ஒப்புக்கொண்டார் என்று பாரிஸ் நாட்குறிப்பாளர் பியேர் தெ லெத்வால் எழுதியிருக்கிறார். சில நாளில் முற்றுகை விலகியது. அந்த டிசம்பரில் பாரே இறந்தார். சேன்-ஆந்த்ரே-தெஸ்-ஆர் கோயிலில் புதைத்தார்கள். அந்தக் கோயில் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அந்த இடம் அதே பெயரில் ஒரு சதுக்கம்.